நாம் வென்றோம், அவர்கள் தோற்றார்கள்

பாலக்காட்டு இரயில் நிலையத்தில் டிக்கெட் வழங்கும் சாளரத்தின் பின்னே அமர்ந்து 11 ஆண்டுகளைக் கழித்துவிட்டோம். இந்த உத்தியோகத்தில் மனிதரின் முகத்தைக் காண்பது குறைவு. நீளுகின்ற கையையும் சட்டையின் முன்புறத்தையும் காண்பதே மிகுதி. கொச்சியில் கால்பந்தாட்டம் நடைபெறும் நாட்களில் உச்சிப் பொழுது சாய்ந்தது முதல் மஞ்சள் சட்டைகள் வரிசையில் வந்து நிற்கும். எர்ணாகுளத்துக்குச் சீட்டுக் கேட்கும் குரல்களில் மலையாளத்தோடு தமிழும் கலந்தே ஒலிக்கும். வாளையாறு, சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து நம்மவர் வீட்டுப் பிள்ளைகளும் அவ்வரிசையில் உண்டு.

ஒரு நாள் அவ்விதம் தந்தையோடு வந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன், சாளரத்தின் விளிம்பை எட்டிப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு நாம ஜெயிச்சிடுவோம், சார்" என்று நமக்கே தைரியம் சொல்லிவிட்டுப் போனான். மறுநாட் காலை அதே தந்தையும் மகனும் வாளையாற்றுக்குச் சீட்டுக் கேட்டு நின்றனர். பையனின் சட்டை உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி அணியப்பட்டிருந்தது. முதுகில் இருந்த எண் கண்ணாடியில் பார்ப்பது போலத் தலைமாறித் தெரிந்தது. "என்ன தம்பி, சட்டை மாறியிருக்கிறதே?" என்று கேட்டோம். அவன் தரையைப் பார்த்தபடி, "அவங்க தோத்துட்டாங்க, சார்" என்றான்.

மாலையில் 'நாம்', காலையில் 'அவங்க'. இடையிலே ஓர் இரவும் ஓர் இரயில் பயணமுமே கழிந்திருந்தன. இச்சிறு மாற்றம் நம் மனத்தை விட்டு நீங்கவில்லை.

படிப்பால் நாம் பத்தாம் வகுப்போடு நின்றவர். எனினும் நம் தமக்கை மகள் கோயம்புத்தூரில் கல்லூரியில் மனோதத்துவம் பயில்கிறாள். அவளிடம் இதைச் சொன்னபோது, "மாமா, இதை அமெரிக்காவிலே கணக்கெடுத்தே எழுதியிருக்கிறார்கள்" என்று கூறிச் சில தாள்களைத் தந்தாள். அகராதியைத் துணைக்கொண்டு வாசித்தோம். 1976ஆம் ஆண்டில் ராபர்ட் சியால்டினி என்னும் மனோதத்துவப் பேராசிரியரும் அவருடைய துணைவர்களும் வெளியிட்ட ஆராய்ச்சி அது. ஏழு பல்கலைக்கழகங்களில் திங்கட்கிழமை தோறும் மாணவர்கள் என்ன உடுத்து வருகின்றனர் என்று எண்ணினார்கள். தங்கள் கல்லூரி அணி சனிக்கிழமை வென்றிருந்தால் கல்லூரிப் பெயர் பொறித்த சட்டைகள் மிகுதியாகத் தென்பட்டன, தோற்றிருந்தால் குறைந்தன. தொலைபேசியில் அழைத்து ஆட்டத்தைப் பற்றி விசாரித்தபோது வென்ற ஆட்டத்தைக் குறித்து 'நாம் வென்றோம்' என்று சொல்லுவது கூடியிருந்தது. தோற்ற ஆட்டத்துக்கு அந்த 'நாம்' சுருங்கிப் போயிற்று. (அங்கே 'புட்பால்' என்பது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறோர் ஆட்டம் என்பதை வாசகர் நினைவிற் கொள்க. ஆட்டம் எதுவானால் என்ன, சட்டை சட்டைதானே!)

வாளையாற்றுச் சிறுவன் செய்ததும் அதுவே. அவன் சட்டையைக் கழற்றவில்லை. திருப்பி மட்டுமே போட்டான். அந்த அளவுக்கு அவனை நாம் மெச்சுகிறோம்.

எல்லையோரத்தில் குடியிருக்கும் நமக்கு இந்த 'நாம்' என்ற சொல் ஏற்கெனவே எளிதான சொல் அன்று. கேட்பவனையும் சேர்த்துக்கொண்டால் 'நாம்', அவனை விலக்கினால் 'நாங்கள்' என்று நம் மொழி பிரித்து வைத்திருக்கிறது. மலையாளத்திலும் 'நம்மள்', 'ஞங்ஙள்' என்று அப்பிரிவு உண்டு. 2014ஆம் ஆண்டில் இந்தியன் சூப்பர் லீக் என்னும் தொழில்முறைப் போட்டி தொடங்கியபோது, கொச்சிக்கு மஞ்சள் அணியும் சென்னைக்கு நீல அணியும் வந்து சேர்ந்தன. அந்த முதலாண்டிலேயே இரண்டும் அரையிறுதியில் மோதின. கொச்சியில் நடந்த முதல் ஆட்டத்தில் மஞ்சள் அணிக்கு மூன்று கோல், சென்னைக்கு ஒன்றுமில்லை. டிசம்பர் 16 அன்று சென்னையில் நீல அணி அந்த மூன்றையும் திருப்பி அடித்துச் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில், 117ஆவது நிமிடத்தில், ஸ்காட்லாந்துக்காரரான ஸ்டீபன் பியர்சன் அடித்த கோலால் கொச்சி தப்பிப் பிழைத்தது. அன்றிரவு நம் குடியிருப்பில் ஒரே வீட்டுக்குள் தந்தை நீலம், மகன் மஞ்சள். அடுக்களையிலிருந்த தாய்க்கு இருவருக்கும் சோறு போடவேண்டிய கவலை. மறுநாள் அண்டை வீட்டு மலையாளி நண்பர், "நிங்ஙள் தோற்றல்லோ" என்று சிரித்துக்கொண்டே சொன்னபோது, அந்த மகன் முகம் சிவந்து, "நம்மளல்லே ஜயிச்சது?" என்று கேட்டானாம். நண்பர் வாயடைத்து நின்றார். விளையாட்டாகச் சொன்ன சொல்தான். எனினும் பள்ளியிலும் கடைத்தெருவிலும் 'நீங்கள் எந்தப் பக்கம்?' என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு அது வெறும் பந்தைப் பற்றிய கேள்வியாக இருப்பதில்லை.

இத்தகைய இரட்டைநிலை நமக்கு மட்டும் வந்ததன்று. ஒலவக்கோட்டில் ஓய்வூதியம் பெற்று வாழும் தமிழ்ப் பெரியவர் ஒருவர் இலவசப் பாஸ் விஷயமாக நம்மிடம் வருவதுண்டு. 1973 டிசம்பர் 27 அன்று எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில் சந்தோஷ் டிராபி இறுதி ஆட்டம். ஒரு பக்கம் கேரளம், மறுபக்கம் இரயில்வே. அதற்கு முன் அக்கோப்பையைப் பலமுறை வென்ற அணி நம் இரயில்வே. கேரளமோ ஒரு முறையும் தொட்டதில்லை. கேரள அணித் தலைவர் மணி தாமே மூன்று கோல்களையும் அடிக்க, 3-2 என்று இரயில்வே தோற்றது. புதிதாக வேலையில் சேர்ந்திருந்த நம் பெரியவர் சீருடையோடே வானொலி கேட்டுக்கொண்டிருந்தாராம். "சம்பளம் தோத்துது தம்பி, குடியிருந்த ஊர் ஜெயிச்சுது. நான் கையைத் தட்டிட்டு, யாராவது ஆபீஸர் பாக்குறாரான்னு திரும்பிப் பார்த்தேன்" என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்.

பார்ப்பவர் நிலை இதுவானால், பணத்துக்கு ஆடும் ஆட்டக்காரரின் நிலை என்ன? அவருக்கு 'நாம்' என்பது ஒப்பந்தத்தோடு வருவது, ஒப்பந்தத்தோடு போவது. நம் ஊர்ப்பக்கங்களில் கோடைக்கால இரவுகளில் நடக்கும் செவன்ஸ் ஆட்டங்களில் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்த வாலிபர்கள் இன்று ஓர் ஊருக்கும் நாளை மற்றோர் ஊருக்கும் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். பெரிய அணிகளிலும் கதை அதுவே. 2014 இறுதி ஆட்டத்தில் மும்பையில் கொச்சி அணிக்கு எதிராகக் கடைசிக் கணத்தில் கோல் அடித்துக் கல்கத்தாவை வெல்லவைத்தவர் முகமது ரபீக். 2016இல் கொச்சியிலேயே நடந்த இறுதி ஆட்டத்தில், அதே கல்கத்தாவுக்கு எதிராக, அதே ரபீக் மஞ்சள் சட்டை அணிந்து பெனால்டி உதைத்தார். இரண்டாண்டு திட்டித் தீர்த்த வாய்கள் அன்று அவருக்காகப் பிரார்த்தனை செய்தன. அப்போதும் பெனால்டியில் 4-3 என்று கல்கத்தாவே வென்றது என்பது வேறு விஷயம்.

பெனால்டி என்று சொன்னதனால் அதைப்பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டும். வெற்றி தோல்வியின் மனோதத்துவம் முழுவதும் அந்தப் பன்னிரண்டு கெஜத் தூரத்தில் அடங்கிக் கிடக்கிறது என்றே நமக்குத் தோன்றுகிறது. உதைத்த பந்து கோலை எட்ட அரை விநாடியும் ஆகாது. பந்து எப்பக்கம் வருகிறது என்று பார்த்தபின் பாய்ந்தால் காலங் கடந்துவிடும்; ஆகவே கோல்கீப்பர் ஊகித்தே பாயவேண்டும். 2007இல் இஸ்ரேல் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் பெரிய போட்டிகளில் உதைக்கப்பட்ட 286 பெனால்டிகளை ஆராய்ந்து ஒரு வேடிக்கையைக் கண்டார்கள். நூற்றுக்கு ஏறக்குறைய 29 உதைகள் நடுவிலேயே வந்தன. கோல்கீப்பர்களோ நூற்றுக்கு ஆறு தடவைதான் நடுவில் அசையாமல் நின்றனர். நின்றிருந்தால் தடுத்திருக்கக்கூடிய பந்துகள் பல. பின் ஏன் நிற்பதில்லை? பாய்ந்து தோற்றால், "பாவம், முயன்றான்" என்பார்கள். நின்று தோற்றால், "மரம் போல நின்றான்" என்பார்கள். தோல்வியை விடத் தோல்விக்குப் பின் வரும் பேச்சுக்கு அஞ்சியே மனிதன் பாய்கிறான்! நம் அலுவலகத்திலும் சும்மா இருக்கவேண்டிய நேரத்தில் கோப்பைப் புரட்டிக்கொண்டிருப்பவர் உண்டு. பெயர் சொல்ல மாட்டோம்.

உதைப்பவர் மனமும் அப்படியே. நார்வே நாட்டு கெயிர் யோர்டெட் என்பவர் உலகப் பெரும்போட்டிகளின் பெனால்டிகளை எண்ணிப் பார்த்தார். 'இதை அடித்தால் உடனே வெற்றி' என்ற நிலையில் உதைப்பவர்களில் நூற்றுக்கு 90க்கு மேல் வெல்கின்றனர். 'இதைத் தவறவிட்டால் உடனே தோல்வி' என்ற நிலையிலோ அது 60 அளவுக்கு இறங்கிவிடுகிறது. பந்து ஒன்றே, தூரம் ஒன்றே, கால் ஒன்றே; உள்ளே ஓடும் வாக்கியம் மட்டும் வேறு.

தோல்வியை ஏற்க மறுத்தவர்களும் உண்டு. 2023 மார்ச் 3 அன்று பெங்களூர் கண்டீரவா மைதானத்தில், கூடுதல் நேரத்தில், கொச்சி வீரர்கள் தயாராகு முன்னரே சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை உதைத்து வலைக்குள் செலுத்தினார். நடுவர் கோல் என்றார். பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தம் அணியை மைதானத்திலிருந்து அழைத்துக்கொண்டு வெளியேறிவிட்டார். ஆட்டம் பெங்களூருக்கே போயிற்று. அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்கு 10 ஆட்டங்கள் தடை. அன்றிரவு பாலக்காட்டுத் தெருக்களில் அவர் வீரராகவே போற்றப்பட்டார். அந்தக் கோல் நியாயமா என்று நம்மைக் கேட்டால், விதிப்படி நியாயம், மனசுக்கு நியாயமில்லை என்போம். ஆயினும் நிமிடங்கள் மீதமிருக்கும்போது மைதானத்தை விட்டுப் போனதை நம்மால் ஒப்ப முடியவில்லை. ஏன் ஒப்ப முடியவில்லை என்பதற்கு 2015ஆம் ஆண்டின் கதையைச் சொல்லவேண்டும்.

அவ்வாண்டு சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. சென்னை அணி தன் ஊரில் ஆடவேண்டிய அரையிறுதியையும் புனே நகரில் போய் ஆடிற்று. வென்று, டிசம்பர் 20 அன்று கோவாவின் பதோர்தா மைதானத்தில் கோவா அணியை இறுதியில் எதிர்த்தது. கோவாவின் கோல்கீப்பர் லட்சுமிகாந்த் கட்டிமணி. அன்று அவர் சென்னையின் பெனால்டிகளைத் தடுத்தும் காட்டினார். 87ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என்று முந்திற்று. மைதானமே கூத்தாடியது. 90ஆவது நிமிடத்தில் சென்னை அனுப்பிய பந்தைத் தடுக்கப் போன கட்டிமணியின் கையிலிருந்தே அது வலைக்குள் விழுந்தது; கணக்கில் அவர் பேரிலேயே சொந்தக் கோல் என்று எழுதினார்கள். இரண்டு நிமிடங்களில் மெண்டோசா மற்றொன்று அடித்தார். கோப்பை சென்னைக்கு. நம் குடியிருப்பில் நீலச் சட்டைக்காரர்கள் பட்டாசு வெடித்தார்கள். நாமும் மகிழ்ந்தோம். தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்த அந்தக் கோல்கீப்பரைத் தொலைக்காட்சியில் ஒரு கணம் காட்டியபோது மட்டும் நம் நினைவு மூணாற்றுக்குப் போயிற்று.

கோல்கீப்பரின் பிழையை உலகம் எளிதில் மன்னிப்பதில்லை. 1950 ஜூலை 16 அன்று ரியோ டி ஜெனிரோவில் உருகுவேயிடம் பிரேசில் 2-1 என்று தோற்றது. 79ஆவது நிமிடத்தில் கிக்ஜா அடித்த இரண்டாவது கோலை விட்டுவிட்ட பார்போசா, 2000ஆம் ஆண்டில் இறக்கும் வரை அந்த ஒரு பந்துக்காகவே நினைக்கப்பட்டார். ஐம்பது ஆண்டுகள்!

மூணாற்று நினைவு யாதெனில், நம் தாய்மாமன் கதை. கண்ணன் தேவன் மலைத் தோட்டங்களில் எஸ்டேட்டுக்கு எஸ்டேட் மோதும் ஃபின்லே ஷீல்டு கால்பந்துப் போட்டியை இப்பத்திரிகையின் இடுக்கி வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1941இல் தொடங்கியது. கொழுந்து கிள்ளுவோரும் மருந்து அடிப்போரும் தொழிற்சாலையில் நிற்போருமாக, பெரும்பாலும் நம் தமிழ் மக்கள், ஆடியும் பார்த்தும் வளர்த்த போட்டி. மாமா தம் எஸ்டேட்டின் கோல்கீப்பர். நாம் பிறப்பதற்கு முன், மழை தூறிய ஒரு பிற்பகலில், குழந்தை உதைத்தாற்போல உருண்டு வந்த பந்து அவர் கைக்குள் வந்து, நழுவி, காலிடுக்கில் புகுந்து போய்விட்டது. அதோடு ஆட்டம் தோற்றது.

தொழில்முறை ஆட்டக்காரர் தோற்றால் விமானமேறி வேறு நகரம் போகலாம். மாமா எங்கே போவார்? அதே லயம், அதே தண்ணீர்க் குழாய், மறுநாட் காலை வேலைக்குப் பெயர் கொடுக்க அதே கூட்டத்தின் நடுவே நிற்கவேண்டும். இரவு முழுதும் உறங்காமல், காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிடலாமா என்று எண்ணியவர், ஒரு நாள் கூலி போய்விடுமே என்று எழுந்து போனாராம். அணித் தலைவராக இருந்தவர் மருந்தடிக்கும் ஆள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "நேத்து நாம தோத்துட்டோம்டா. அடுத்த வருஷமும் நீதான் நிக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தம் வேலைக்குப் போய்விட்டார். மாமா அடுத்த நான்கு ஆண்டுகள் நின்றார். அவர் காலத்தில் அவர்கள் ஷீல்டை வெல்லவே இல்லை. 'ஓட்டைக் கை' என்ற பட்டப்பெயரும் போகவில்லை. அத்தையே கோபம் வந்தால் அப்படித்தான் அழைப்பார்.

2022 மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமை. விடுப்பில் மூணாறு போயிருந்தோம். மாமாவின் மகனும் அதே எஸ்டேட்டில் வேலை பார்ப்பதால் லயத்து வீடு அவர்களிடமே இருக்கிறது. அன்று மறுபடியும் பதோர்தா மைதானம்; கொச்சிக்கும் ஐதராபாத்துக்கும் இறுதி ஆட்டம். அக்கம்பக்கத்துப் பையன்கள் பத்துப் பேர் மஞ்சள் சட்டையில் முன்னறையை அடைத்திருந்தனர். 68ஆவது நிமிடத்தில் ராகுல் கோல் அடித்தபோது தகரக்கூரை அதிர்ந்தது. 88ஆவது நிமிடத்தில் டவோரா அதைச் சமன் செய்தார். பெனால்டி வந்தது. ஐதராபாத்தின் கோல்கீப்பர் இடப்பக்கமும் வலப்பக்கமும் பாய்ந்து மூன்று உதைகளைத் தடுத்தார். அதில் ஒன்றை நடுவர் மறுபடி உதைக்கச் சொல்ல, அதையும் தடுத்தார். வெற்றி உதையை அடித்த ஹாலிசரண் நர்சாரி முன்னர் கொச்சி அணியிலேயே ஆடியவர். 3-1. மூன்றாம் தடவையாக இறுதி ஆட்டத்தில் தோல்வி.

அறையில் பேச்சு மூச்சில்லை. ஒரு பையன் சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். மற்றொருவன், "இவனுங்க எப்பவுமே இப்படித்தான்" என்று சொல்லி எழுந்து வெளியே போனான். மாமா கட்டிலில் சாய்ந்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐதராபாத்துக்காரர்கள் தங்கள் கோல்கீப்பரைச் சூழ்ந்துகொண்டு குதித்தனர்.

"அந்தப் பையன் யாரு, மாப்ளே?"

கட்டிமணி என்றோம். 2015இல் இதே மைதானத்தில், சென்னை ஜெயித்த அன்று, கடைசி நிமிடத்தில் பந்தைத் தம் வலைக்குள்ளேயே விட்டவர் என்றும் சொன்னோம்.

மாமா விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். "ஆறு வருஷத்துக்கு மேல ஆச்சே. அத்தனை நாளும் அவனை யாரு நிக்க வெச்சாங்க?"

கோவாக்காரர்களே மேலும் சில ஆண்டுகள் வைத்துக்கொண்டார்கள், 2019இல் ஐதராபாத்து அழைத்துக்கொண்டது என்று நமக்குத் தெரிந்ததைச் சொன்னோம். அத்தை உள்ளிருந்து, ஆட்டந்தான் முடிந்ததே, டி.வி.யை அணைக்கக் கூடாதா என்று குரல் கொடுத்தார். மாமா அணைக்க விடவில்லை. கோப்பையைக் கொடுத்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.